வார்னிஷ், பெயிண்ட் நெடிக்கு எந்த முகமூடி வாங்குவது? கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு வேலை

வளவுவீடு:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. தை மாதம் வீட்டில் கல்யாணம். பங்காளிகள் கூடிப் பேசி, முகப்பு நிலைக்கதவு தொடங்கி இரண்டாம் கட்டு ஜன்னல் வரை மரவேலை அத்தனையையும் புதுப்பிப்பதென்று முடிவாகிவிட்டது. எல்லாம் பர்மா தேக்கு. மேலே எத்தனை பூச்சு ஏறியிருக்கிறதோ தெரியாது. ஜன்னலில் பச்சையைச் சுரண்டினால் நீலம் வருகிறது, நீலத்துக்கு அடியில் ஏதோ காவி.

வேலைக்கு ஆள் பிடித்தாயிற்று. கூடவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியது நான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. மாதிரிக்கு ஒரு கதவு அடித்துக் காட்டிய அன்றைக்கே தலைவலி பிடித்துக்கொண்டது. காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டதற்குக் கறுப்புத் துணி மாஸ்க் ஒன்றைக் கொடுத்து, "கார்பன் வைத்தது, நெடியே வராது" என்றார்கள். நம்பலாமா?

செக்காலை ரோடு:

கொரோனா சமயத்தில் வாங்கிய என்95 எல்லோர் வீட்டிலும் கிடக்கிறது. அதை எடுத்து மாட்டுங்கள். இதற்கு எதற்குப் புதுச் செலவு?

அமிலகாரம்:

செக்காலையார் கோபிக்கக் கூடாது. இந்த வேலைக்கு என்95 உதவாது. அது தூசி, துளி போன்ற துகள்களுக்கு. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும் என்பதுதான் அந்த 95. நம் நாட்டு ஐஎஸ் 9473 தரத்தில் எஃப்எஃப்பி2 என்று அச்சடித்து வருவதும் துகளுக்கானதுதான். வார்னிஷிலிருந்து கிளம்புவது ஆவி. டர்பன்டைன், டொலுவீன், சைலீன் எல்லாம் தனித்தனி மூலக்கூறாகக் காற்றோடு கலந்து வரும். கொசுவலைக்குள் படுத்தால் கொசு வராது, சாம்பிராணிப் புகை வரத்தான் செய்யும்.

ஆவியைப் பிடிக்கக் கரி வேண்டும். சாதாரண அடுப்புக்கரி இல்லை, ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்திருக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பைக் கணக்கிட்டால் 1000 சதுர மீட்டரை ஒட்டி வரும். ஆவி அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. இடம் தீர்ந்த பிறகு வருவது நேராக மூக்குக்குத்தான். கடையில் கொடுத்த மாஸ்க்கில் கரி நிஜமாகவே இருக்கலாம். ஆனால் மெல்லிய ஒரு படலம் எவ்வளவு தாங்கும்? அதுவும் ஓரமெல்லாம் இடைவெளி. லேசான வாடை பிடிக்காதவர்களுக்கு அது சரி, வார்னிஷ் அடிக்கும் அறைக்கு ஆகாது.

வளவுவீடு:

சரி, அப்படியென்றால் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

ஜூரோங் தமிழன்:

சொந்த ஊர் கொத்தமங்கலம். இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன்.

"ஹாஃப் மாஸ்க் ரெஸ்பிரேட்டர், ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜோடு" என்று கேளுங்கள். மூக்கு, வாய், தாடை மூன்றையும் சேர்த்து மூடும் ரப்பர் அல்லது சிலிக்கான் முகமூடி. இரண்டு பக்கமும் கேட்ரிட்ஜ், அதாவது கரி அடைத்த டப்பி, திருகி மாட்டுவது. அமெரிக்கத் தரத்தில் வருவது என்றால் கேட்ரிட்ஜில் கறுப்புப் பட்டை இருக்கும். அமில வாயுவுக்கும் சேர்த்து என்றால் மஞ்சள். ஐரோப்பியத் தரம் என்றால் பழுப்புப் பட்டை, மேலே ஏ1 அல்லது ஏ2 என்று எழுதியிருக்கும். பச்சைப் பட்டை இரண்டு தரத்திலுமே அமோனியாவுக்கு. விலை குறைகிறதே என்று அதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

தூரிகையால் அடிக்கும்போது ஆவி மட்டும்தான். ஸ்பிரே என்றால் ஆவியோடு நுண்துளியும் பறக்கும், கரி அதைப் பிடிக்காது. அதனால் கேட்ரிட்ஜுக்கு முன்னால் துகள் வடிகட்டி ஒன்று வேண்டும். 3எம் வகையில் சொன்னால் 6001 ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ், அதன்மேல் 5பி71 வடிகட்டி, அதைப் பிடித்துக்கொள்ள 501 மூடி. இரண்டும் ஒன்றாகவே வேண்டுமானால் 60921. முகமூடி அளவு 6100 சிறியது, 6200 நடுத்தரம், 6300 பெரியது. வேறு கம்பெனியிலும் இதே அமைப்பு உண்டு, ஆனால் ஒரு கம்பெனி முகமூடியில் இன்னொரு கம்பெனி கேட்ரிட்ஜைத் திணிக்கக் கூடாது.

ஒன்று கவனியுங்கள். ஹாஃப் மாஸ்க் சரியாகப் பொருந்தினால் வெளியே இருக்கும் நெடியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதுதான் கணக்கு. முழு முகத்தையும் மூடுவது ஐம்பதில் ஒரு பங்கு. எந்த நெடிக்குள்ளும் புகுந்து வரலாம் என்று அர்த்தம் இல்லை.

புதுவயல் பெயின்டர்:

எல்லாம் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நானும் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு இதுதான் தொழில். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு எத்தனையோ வீடு முடித்திருக்கிறோம். சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொண்டால் தொண்டை சரியாகிவிடும். சித்திரை வெயிலில் இப்படி மூஞ்சியை அடைத்துக்கொண்டு சாரத்தில் ஏறி நின்றால் மூச்சு முட்டிக் கீழே விழ வேண்டியதுதான்.

ஜூரோங் தமிழன்:

அண்ணே, வெயிலைப் பற்றிச் சொன்னது நியாயம். ரப்பரைவிட சிலிக்கான் முகமூடி கொஞ்சம் மெத்தென்று இருக்கும், வேர்வையில் எரிச்சல் குறைவு. அப்படியும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் போட்டிருக்க முடியாது. நடுநடுவே வெளியே காற்றாட வந்துதான் கழற்ற வேண்டும், வேலை நடக்கும் அறையில் நின்று கழற்றக் கூடாது.

ஈரத் துண்டு தூசிக்குக் கொஞ்சம் உதவும். தின்னர் ஆவி தண்ணீரில் கரைவது சொற்பம், நேராகத் தாண்டி வந்துவிடும். வெல்லத்துக்கு நுரையீரலுக்குள் வழி கிடையாது. அந்த நேரத்துத் தலைசுற்றல் இறங்கிவிடும், அதனால் ஒன்றும் இல்லை என்று தோன்றும். வருடக்கணக்கில் ஏறினால் ஞாபகமறதி, காரணமில்லாத எரிச்சல் என்று மெதுவாகக் காட்டும்.

அமிலகாரம்:

வளவுவீடு, முகமூடிக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். என்னென்ன டப்பா வரப்போகிறது என்று மேஸ்திரியிடம் பட்டியல் வாங்கிப் போடுங்கள். வார்னிஷ் என்ற ஒரே பேரில் நாலைந்து விதமான சமாச்சாரம் உலவுகிறது. டப்பாவைப் பார்க்காமல் கேட்ரிட்ஜ் சொல்ல முடியாது.

வளவுவீடு:

கேட்டுவிட்டேன். பழைய பூச்சை எடுக்கப் பெயிண்ட் ரிமூவர். அப்புறம் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சாண்டிங் சீலர், என்சி தின்னர். முகப்பு நிலைக்கதவுக்கு ஹார்டனர் கலந்த டூகே பியு, ஸ்பிரேயில்; இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பாலிஷாம். உள்ளறைக் கதவுகளுக்கு மெலமைன். ஜன்னல் கம்பிக்கு இனாமல். சாமி வீட்டுக் கதவுக்கு மட்டும் பழைய முறைப்படி ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ்.

அமிலகாரம்:

நல்லவேளை கேட்டீர்கள். இந்தப் பட்டியலில் கறுப்புப் பட்டைக் கேட்ரிட்ஜ் நம்பிக்கையாகத் தாங்குவது இனாமலும் என்சி சாமான்களும்தான். இனாமலில் இருப்பது மினரல் டர்பன்டைன். என்சி தின்னரில் டொலுவீன், சைலீன், அசிடேட் வகைகள். டொலுவீன் 111 டிகிரியில் கொதிக்கும், சைலீன் 140ஐ ஒட்டி. கொதிநிலை கூடக் கூடக் கரி இறுக்கிப் பிடிக்கும். பொதுவாக 65 டிகிரிக்குக் கீழே கொதிப்பதைக் கரி நன்றாகப் பிடிப்பதில்லை. ஐரோப்பியத் தரத்தில் அதற்கென்றே ஏஎக்ஸ் என்று தனி வகை வைத்திருக்கிறார்கள்.

ரிமூவர் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று இருக்கிறதா பாருங்கள். 40 டிகிரியில் கொதிப்பது அது. சித்திரையில் நம் ஊர் வெயிலே அதைத் தொட்டுவிடும். கரியைச் சீக்கிரம் தாண்டிவிடும். உடம்புக்குள் போனால் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில், குளியலறையில் இதை வைத்து வேலை செய்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்பதை 2019இல் நிறுத்தியதற்கு அதுதான் காரணம். இழுப்பு உள்ளவர் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

அரக்குப் பாலிஷில் அரக்கு பாவம், ஒன்றும் செய்யாது. அதைக் கரைக்கும் ஸ்பிரிட் எது என்பதுதான் கேள்வி. எத்தனாலாக இருந்தால் நல்ல காற்றோட்டத்தில் தூரிகையோ பஞ்சோ வைத்துப் பூசிக்கொள்ளலாம். மெத்தனால் கலந்ததாக இருந்தால் கதை வேறு. 65 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், கரியில் நிற்காது, தோல் வழியாகவும் ஏறும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். லேபிள் இல்லாத கேனில் விற்கும் ஸ்பிரிட், மலிவுத் தின்னர் இரண்டையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

மெலமைனைப் பலரும் சாதாரண பாலிஷ் என்று நினைக்கிறார்கள். காயும்போது பார்மால்டிஹைடு வெளிவரும். கண்ணில் நீர் வருவது அதனால்தான். சாதாரண ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் இதற்குப் போதாது, அட்டையில் பார்மால்டிஹைடு என்று பேர் குறிப்பிட்டிருக்க வேண்டும். 3எம்மில் அது 6005.

ஜூரோங் தமிழன்:

> முகப்பு நிலைக்கதவுக்கு ஹார்டனர் கலந்த டூகே பியு, ஸ்பிரேயில்

இதற்கு நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஹார்டனர் டப்பாவில் ஐசோசயனேட் இருக்கும். அதற்கு வாசனை போதாது. மூக்குக்குத் தெரியும் அளவு வருவதற்குள் ஆபத்தான அளவைத் தாண்டியிருக்கும். கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று நெடி சொல்லித் தெரிந்துகொள்ள இங்கே வழியில்லை. ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் அப்புறம் துளி அளவுக்கும் மூச்சு இழுக்கும். ஆயுசுக்கும் அந்த வேலைக்குப் போக முடியாது. ஏற்கெனவே இழுப்பு இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பட்டறையில் இதை ஸ்பிரே செய்பவர் கேட்ரிட்ஜ் மாஸ்க் போடுவதில்லை. வெளியே இருந்து குழாயில் சுத்தமான காற்று வரும் முகமூடி, உடம்பு முழுக்க உடை, கையுறை. நம் ஊரில் ஒரு வீட்டு முகப்பில் இந்த ஏற்பாடு நடக்குமா? நடக்காது என்றால் பியு வேண்டாம் என்பதுதான் என் பதில். எண்ணெய் வார்னிஷ் தூரிகையில் பூசினால் என்ன குறைந்துவிடும்? வீடு கட்டிய காலத்தில் பியு ஏது? இல்லாவிட்டால் தண்ணீரில் கரையும் பாலிஷ். அதிலும் சிலவற்றில் தனி ஹார்டனர் உண்டு, ஒரே டப்பாவாக வருவதைப் பாருங்கள்.

செக்காலை ரோடு:

சரி, என்95ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். தை மாதக் கல்யாணம் என்றால் வேலை கார்த்திகை, மார்கழியில்தான் நடக்கும். பெயின்டர் பையன்களில் பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடியோடு இருப்பார்கள். அவர்களுக்கு இந்த முகமூடி உட்காருமா?

ஜூரோங் தமிழன்:

உட்காராது. நல்ல கேள்வி கேட்டீர்கள் அண்ணே. ரப்பர் ஓரம் தோலில் நேராகப் படிய வேண்டும். நடுவில் முடி இருந்தால் மூச்சு இழுக்கும்போது காற்று கேட்ரிட்ஜ் வழியாக வராமல் ஓரமாக வந்துவிடும். ஒரு நாள் தாடிக்கே கசிவு உண்டு. மீசை பரவாயில்லை, ரப்பருக்குள் அடங்கிவிட்டால் போதும்.

மாலை போட்டவரைச் சவரம் செய்யச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தலையை மூடும் தொளதொள உறைக்குள் பேட்டரி மின்விசிறி காற்றை வடிகட்டி ஊதும் கருவி ஒன்று உண்டு, தாடிக்குப் பிரச்சினை இல்லை. விலைதான் கையைக் கடிக்கும். விரதம் முடியும் வரை அவர்களுக்குத் தண்ணீர்ப் பெயிண்ட், வெளிச்சுவர் என்று கொடுத்துவிட்டு, நெடி வேலையை மழித்த முகம் உள்ளவர்களிடம் விடுவதுதான் நடைமுறை.

போடும்போது ஒவ்வொரு தடவையும் இப்படிப் பாருங்கள். மேல் பட்டை உச்சந்தலையில், கீழ்ப் பட்டை பிடரியில். இரண்டு கேட்ரிட்ஜையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு ஒட்டி அப்படியே நிற்க வேண்டும். பிறகு கீழே இருக்கும் வால்வை மூடி லேசாக ஊதினால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. கசிந்தால் பட்டையைச் சரி செய்யுங்கள், அல்லது அளவை மாற்றுங்கள். மூக்குத்தண்டுப் பக்கம்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

ஆத்தங்குடிக் கல்:

எல்லோரும் நெடியிலேயே நிற்கிறீர்கள். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் காவி என்று முதல் பதிவில் இருக்கிறதே, அதை யாரும் பார்க்கவில்லையா? அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் சர்வ சாதாரணம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்ததே 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதற்கு முந்தைய எந்தப் பூச்சையும் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சாண்டர் மெஷின் போட்டு உலர்த் தேய்ப்புத் தேய்த்தால் அந்தத் தூசி வளவு (நடுமுற்றம்) முழுக்கப் படியும். அங்கேதான் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள் தவழும். ஈரத்தில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், அடியில் தார்ப்பாய் விரித்துச் சுருட்டி எடுங்கள். ஊதுவிளக்கு (புளோ லேம்ப்) வைத்துச் சுட்டு உரிக்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள். சூடு எல்லை மீறினால் ஈயமே புகையாகக் கிளம்பும். இந்த வேலைக்கு வெறும் கரிக் கேட்ரிட்ஜ் தூசியைப் பிடிக்காது, பி100 வடிகட்டி மாட்ட வேண்டும். மஜந்தா நிறத்தில் இருக்கும். ஆக ஒரே முகமூடி, வேலைக்கு ஏற்ப மாட்டுவது வேறு.

பள்ளத்தூர் ஆச்சி:

நிற்கிறவருக்கு முகமூடி ஆயிற்று. வீட்டில் இருக்கிற வயசான அப்பத்தாவுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் என்ன மாட்டுவது? அவர்களைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் விடுங்கள். எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது கழற்ற முடிந்த கதவையெல்லாம் கழற்றிப் பின்கட்டுத் திறந்தவெளியில் போட்டுத்தான் அடித்தோம், அறைக்குள் நெடியே இல்லை.

இன்னொன்று, வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கலந்தது என்றால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய தகர வாளியில் போட்டு மூடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவிடுங்கள். வீடு பூராவும் தேக்கு.

அமிலகாரம்:

ஆச்சி சொல்வது முகமூடியைவிட முக்கியம். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், டொலுவீன் சுமார் மூன்று மடங்கு. தரையோடு தங்கும், வளவுப் பள்ளத்தில் தேங்கும். கழற்ற முடியாத நிலைக்கு வாசல் பக்கமிருந்து மின்விசிறியால் நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள், முதுகுப் பக்கமிருந்து காற்று வந்து நெடியை முன்னால் கொண்டுபோக வேண்டும். நெடி போகும் பாதையில் மின்விசிறியை வைக்காதீர்கள், பொறி பறந்தால் போச்சு. சாமி விளக்கும் அன்றைக்கு வேண்டாம்.

செக்காலை ரோடு:

இதையே போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி எபாக்சி அடிக்கலாமா? எங்கள் வீட்டில் அந்த வேலை பாக்கி இருக்கிறது.

ஜூரோங் தமிழன்:

கூடாது. கேட்ரிட்ஜ் காற்றைச் சுத்தம் செய்யும், ஆக்சிஜனை உண்டாக்காது. தொட்டிக்குள் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த முகமூடியோடுதான் மயங்கி விழுவார்கள். அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள்.

புதுவயல் பெயின்டர்:

ஹார்டனர் விஷயம் எனக்குப் புதுசு. என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் பியு ஸ்பிரேக்குப் போய் வந்ததிலிருந்து ராத்திரி இருமிக்கொண்டே இருக்கிறான். பகலில் ஒன்றும் இல்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துண்டு கட்டுவதைப் பற்றி நான் சொன்னது வார்னிஷுக்குத்தான், இதற்கு இல்லை.

ஜூரோங் தமிழன்:

அண்ணே, முதலில் அந்தப் பையனை நெஞ்சு மருத்துவரிடம் காட்டுங்கள். "ஐசோசயனேட் உள்ள பெயிண்ட் ஸ்பிரே செய்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், ஹார்டனர் டப்பாவைப் படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. சொல்லாவிட்டால் சளி மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து இருமல் வருவது இதில் உண்டு. அதுவரை பியு பக்கம் அனுப்பாதீர்கள்.

வளவுவீடு:

எல்லோருக்கும் நன்றி. பங்காளிகளிடம் பேசிவிட்டேன். பியுவும் மெலமைனும் இல்லை; கதவுகளுக்கு எண்ணெய் வார்னிஷ், தூரிகையில். அந்த ரிமூவரும் இல்லை, ஈரத் தேய்ப்புத்தான். நாள் கூடும் என்று மேஸ்திரி முகம் சுளித்தார், கூலியைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு சரி என்றார். சின்னையா ஒருவர் மட்டும் "பக்கத்து வீட்டுக்காரன் பளபளவென்று பியு அடித்திருக்கிறானே" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மட்டும் வாங்குவதாக இருந்தேன். கதவு பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இல்லாமல் நான் மாட்டிக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது. அதனால் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து வாங்குகிறேன். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா? கேட்ரிட்ஜ் எத்தனை நாள் வரும்? எனக்கு இழுப்பு இருப்பதால் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

ஜூரோங் தமிழன்:

ஆளுக்கு ஒன்று. முக அளவு வேறு, எச்சில் வேறு. சாயங்காலம் கேட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு முகமூடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். தின்னர் போட்டுத் துடைத்தால் ரப்பர் போய்விடும்.

கேட்ரிட்ஜுக்கு இத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. நெடி எவ்வளவு, எத்தனை மணி நேரம், காற்றில் ஈரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இது மழைக்காலம், ஈரக் காற்றில் கரி சீக்கிரம் தளரும். உறையைப் பிரித்த தேதியை மேலேயே எழுதுங்கள். வேலை நிறுத்தும்போதெல்லாம் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடுங்கள். திறந்து மாட்டி வைத்தால் ஆணியில் தொங்கும்போதும் அறையின் நெடியைக் குடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் வார்னிஷுக்கு நெடி தெரியும், அதனால் முகமூடிக்குள் லேசாக வாடை வந்தாலே வெளியே வந்து மாற்றுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்காமல் வாரத்துக்கு ஒரு ஜோடி என்று கணக்குப் போட்டு வாங்கி வையுங்கள்.

இழுப்பு விஷயம் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். கேட்ரிட்ஜ் வழியாக மூச்சு இழுப்பதற்கே கொஞ்சம் பலம் வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வார்னிஷ் அடிக்கும் நேரத்தில் திண்ணையிலும் இருக்காதீர்கள், கணக்கு வழக்கைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். முகமூடி அளவுக்கு 6200இல் தொடங்குங்கள், ஒல்லி முகக்காரருக்கு மட்டும் 6100 போட்டுப் பாருங்கள்.